அடுத்தவர் கண்ணாடி

மோட்டார் சைக்கிள் மன்றத்தின் தகரக் கொட்டகையில், சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கும். பச்சைப் பெயின்ட், வெள்ளை எழுத்து. எந்த வகுப்பில் யார் ஒரு சுற்றை எல்லோரையும்விடச் சீக்கிரமாக ஓட்டி முடித்தார்கள் என்பது அதில் இருக்கும். சின்ன எஞ்சின் வகுப்புக்கு நேராக ‘லிஃப்ட்டு’ என்று எழுதியிருந்தது. முதலில் எழுதும்போது பெயின்டர் ஆய்த எழுத்தை விட்டுவிட்டான். லிஃப்ட்டுக்காரன் சண்டை பிடித்த பிறகு, கிடைத்த இடுக்கில் மூன்று புள்ளிகளைத் தடித்த பெயின்ட்டில் அப்பி வைத்தான். மூன்றும் மூன்று கடுகு போலப் புடைத்துக்கொண்டு நின்றன.

லிஃப்ட்டு என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. அவன் வாரத்தில் ஐந்து நாள் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மன்றத்தில் யாரையும் யாரும் அவரவர் பெயரால் கூப்பிடுவதில்லை, செய்கிற வேலையை வைத்துத்தான். கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் அவன் மணி பார்ப்பான். கையில் கடிகாரம் கட்டிய ஆள் எதற்குச் சுவரைப் பார்க்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு வருஷமாக அந்தப் பெயரை யாரும் அசைக்கவில்லை. கோப்பை அவன் ஒன்றிரண்டுதான் வாங்கியிருக்கிறான், அதிலும் ஒன்று பிடி உடைந்தது. அவனுக்கு அந்தப் பலகை போதும். கட்டடத்தில் யாராவது சிடுசிடுத்தால், “எவ்வளவு நேரமய்யா, ஆமை மாதிரி” என்றால், அவன் மனசுக்குள் பலகையைப் பார்த்துக்கொள்வான்.

இப்போது அந்தப் பலகைக்கு ஆபத்து வந்திருந்தது. வந்தவன் அந்நியன் இல்லை, சொந்த மைத்துனன். மனைவியின் தம்பி.

மைத்துனனுக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. காலை முதல் மாலை வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, “மெதுவா, மெதுவா, மெதுவா போங்கம்மா” என்று சொல்வதுதான் பிழைப்பு. அதனால் மன்றத்தில் அவனுக்கு ‘மெதுவு’ என்று பெயர் விழுந்தது. அவனை அங்கே அழைத்து வந்தவனே லிஃப்ட்டுதான். “மாப்ள, சும்மா வந்து பாரு” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய் தவறிச் சொல்லிவிட்டான். சும்மா வந்து பார்த்தவன் அடுத்த மாதம் பழைய வண்டி ஒன்று வாங்கினான். முதல் வருஷம் வளைவுக்கு வளைவு விழுந்து எழுந்தான். அப்போதெல்லாம் லிஃப்ட்டுக்கு அவன் மேல் அளவில்லாத பாசம். விழுந்தவனைத் தூக்கி விடுவான், தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்ப்பான். இரண்டாவது வருஷம் அவன் விழவில்லை. பாசமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

வேகமாகப் போகிறானே என்பதுகூட அவ்வளவு உறுத்தவில்லை. அக்காவின் கை அவன் வண்டி மேல் இருக்கிறதே, அதுதான் தின்றது.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். கண் சோதிப்பது, சட்டத்தில் வில்லை பொருத்துவது, எறும்புத் தலையளவு திருகாணிகளை மாட்டுவது எல்லாம் அவள் கைவேலை. கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் கடை இருந்த கட்டடத்தின் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள். அவன் மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழுது எங்கே என்று தேடினான். உள்ளே இருந்தவள் அழவில்லை, கத்தவில்லை. “இடது பக்கம் ஏதோ உரசுது, அங்க பாருங்க” என்று சொன்னாள். இடது பக்கம்தான் உரசியது. கதவைத் திறந்துவிட்டபோதே அவன் கதை முடிந்துவிட்டது என்று அவன் தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணமான புதிதில் அவள் பந்தயத் திடலுக்கு வந்தால் ஓரமாக உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பாள். ஒரு நாள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, “உங்க வண்டியோட பின்பக்கம் தூக்கம் கலையாத ஆள் மாதிரி எழுந்திருக்குதுங்க” என்றாள். அன்றிலிருந்து வண்டியின் திருகுகள் அவள் பொறுப்பு.

பின்சக்கரத்துக்கு மேலே, குலுக்கலைத் தாங்கும் ஷாக்கின் அடியில் சின்னத் திருகு ஒன்று உண்டு. அதை முடுக்கினால், பள்ளத்தில் அமுங்கிய வண்டி சோம்பலாக மேலே எழும். தளர்த்தினால் துள்ளி எழும். திருப்பத் திருப்ப ‘கிளிக்’ என்று விரலுக்குத் தெரியும். முழுக்க முடுக்கிவிட்டு, அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஓட்டுகிறவரின் எடைக்கும் கைப்பழக்கத்துக்கும் ஏற்ப அது மாறும். அவள் இருக்கையை உள்ளங்கையால் அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வண்டி எழும்புவதைக் கேட்பாள். பிறகு ஒரு கிளிக் திருப்பிவிட்டு, கடையில் கேட்பது போலவே கேட்பாள்: “இப்ப நல்லாருக்கா, முன்னாடி நல்லாருந்துச்சா?”

யாருக்கு என்ன எண் வைத்தாள் என்று இன்னொருவரிடம் சொல்லவே மாட்டாள். மன்றத்தில் வேறு இரண்டொருவர்கூட அவளிடம் வண்டியைக் காட்டுவார்கள். அவரவர் எண் அவரவருக்கு மட்டும். “அடுத்தவங்க கண்ணாடிய வாங்கிப் போட்டா தலைதான் சுத்தும்” என்பாள். ஆறு வருஷமாக லிஃப்ட்டு இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மைத்துனன் இருப்பது மூன்றாம் மாடி அறையில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆகவே அவன் வண்டியும் அக்கா வீட்டுக் கொட்டிலில்தான் நின்றது. கார் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பந்தய வண்டிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கடையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டுக் கொட்டிலுக்குப் போனாள். புருஷன் வண்டியை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். “சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். அவ்வளவுதான். தம்பி வண்டிக்குப் பக்கத்தில் போனவள் மண்டியிட்டே உட்கார்ந்துவிட்டாள். அவனும் பக்கத்தில் குந்தினான். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் என்னவோ பேசினார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் கெஞ்சினான். அவள் மறுபடி மறுத்தாள். கடைசியில், “உன் தலையெழுத்து” என்று சொல்லிக்கொண்டே திருகைத் திருப்பினாள்.

வாசலில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்டு எண்ணெயைச் சங்கிலியில் விடாமல் தன் செருப்பில் விட்டுக்கொண்டிருந்தான். கட்டினவன் வண்டிக்கு இரண்டு அமுக்கு, கூடப் பிறந்தவன் வண்டிக்கு ஒரு மாநாடு. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்தான்.

தம்பி போனபின் மெல்லக் கேட்டான்.

“அவனுக்கு எத்தனை வச்சே?”

“உங்க பவரை நான் அவன்கிட்ட சொல்றேனா?”

“நான் கண்ணாடியே போடறதில்லையே.”

“போடணும். பக்கத்துல இருக்கறது தெரிய மாட்டேங்குது உங்களுக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வயிறு எரிகிறவனுக்குச் சிரிப்பும் எண்ணெய்தான்.

பந்தயத் திடல் ஒரு காலத்தில் விமான ஓடுதளமாக இருந்தது. இப்போது விமானமும் இல்லை, காவலும் இல்லை. விரிசல்களில் புல் முளைத்த பழைய கான்கிரீட்டைச் சுற்றி மன்றத்தார் டயர்களை அடுக்கி வளைவு வளைவாகப் பாதை அமைத்திருந்தார்கள். அதில் நீளமான வலது வளைவு ஒன்று உண்டு. வளைவின் நடுவில், இரண்டு கான்கிரீட் பலகைகள் சேருமிடத்தில், ஒரு மேடு. அந்த இடத்தில் வண்டி அமுங்கி எழும். துணிந்தவன் ஆக்சிலரேட்டரை முறுக்கிய கையைத் தளர்த்த மாட்டான், மற்றவர்கள் ஒரு நூல் தளர்த்துவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் லிஃப்ட்டு தளர்த்தாமல் போன ஒரே ஒரு சுற்றுதான் பலகையில் இருந்தது. அதற்குப் பிறகு கை தானாகத் தளர்ந்துவிடுகிறது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டம். மைத்துனன் முதலில், லிஃப்ட்டு இரண்டாவது. இரண்டாவது இடம் நல்ல இடம்தான். ஆனால் மைத்துனனின் நேரம் பலகையில் இருந்த நேரத்துக்கு ஒரு கண்ணிமைப்பு தூரத்தில் வந்து நின்றது. மன்றச் செயலாளர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். கொடி அசைப்பதும் அவர்தான், கிண்டல் பண்ணுவதும் அவர்தான்.

“லிஃப்ட்டு, பச்சைப் பெயின்ட் கடையில ஒரு டப்பா மீதி கிடக்குது. கொண்டாரவா, இல்ல நாளைக்குப் பார்த்துக்கலாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்டும் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு தாடை வலித்தது.

அன்று முழுக்க அவனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் உறுத்தியது. ஈரத் துண்டை அவள் முதலில் தம்பிக்குத்தான் நீட்டினாள். தம்பியின் டயரைத் தொட்டுச் சூடு பார்த்தாள். தம்பிக்கு வாட்டர் பாட்டில், இவனுக்கு வாட்டர் பாட்டில் இருக்கும் திசை. நீள வளைவில் மைத்துனனுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்திருந்தான். மேட்டில் அவன் கை தளரவே இல்லை. வண்டி பாதையில் ஒட்டி வைத்தது போலப் போனது. அப்படிப் போக மனுஷனால் முடியாது, அவள் வைத்த எண்ணில் ஏதோ இருக்கிறது என்று லிஃப்ட்டு முடிவு கட்டினான். தனக்கு வைத்ததைவிட நல்லதாக ஏதோ ஒன்றைத் தம்பிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாநாடு அதற்குத்தான்.

போதாததற்கு மாலையில் மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டார். “மாப்பிள்ளை, எங்க பையன் உங்களையெல்லாம் முந்திட்டானாமே? பாத்துக்கங்க, சின்னப் பிள்ளை” என்றார். முப்பது வயதுச் சின்னப் பிள்ளை. பார்த்துக்கொள்கிறேன் அத்தை என்று சொல்லி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் கொட்டகை நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாள் பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் பிரேக் என்று நினைத்து வைப்பரைப் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லிஃப்ட்டு கை கழுவப் போவதுபோல எழுந்தான். வண்டிகள் நின்ற கூடாரத்துக்குள் போனான்.

எத்தனை கிளிக் என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. திருகைக் கடைசிவரை முடுக்கிக்கொண்டே எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் அதே அளவு திறந்து பழையபடி வைத்துவிட வேண்டும். ஐந்து விரலுக்குத் தெரிந்தால் போதும், ஆறாவது ஆளுக்குத் தெரியாது. அவன் சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு மண்டியிட்டான். முடுக்கினான். உதடு அசையாமல் எண்ணினான். பதினொன்றில் திருகு நின்றது.

பதினொன்று.

அவன் வண்டியிலும் பதினொன்றுதான்.

அவனுக்குக் கோபம் வந்தது. அது எப்படி இருக்க முடியும்? அவன் லிஃப்ட் கயிற்றில் தொங்கினால் கட்டடமே ஒரு அங்குலம் இறங்கும். மைத்துனன் பஞ்சு. பஞ்சுக்கும் பாறைக்கும் ஒரே எண்ணா? எங்கோ ஒன்றைத் தவறவிட்டிருப்பான். பதினொன்று திறந்து பழைய இடத்தில் வைத்தான். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. நல்ல செய்தியை மட்டும் பொறாமை நம்பாது. மறுபடி குனிந்து மறுபடி முடுக்கினான். இந்த முறை மூச்சையும் பிடித்துக்கொண்டு எண்ணினான். பதினொன்று. திருகு இறுகி நின்றது.

“லிஃப்ட்டு! அங்க என்ன புதையலா தோண்டுறே? மீட்டிங்குக்கு வாய்யா!”

டைல்ஸ் கடைக்காரர் கூடார வாசலில் நின்றார். லிஃப்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் திணித்துக்கொண்டு, காலணிக் கயிறு கட்டியதுபோல நடித்து, அவர் பின்னால் நடந்தான்.

பந்தயத்துக்கு முன் ஓட்டுகிறவர்களைக் கூட்டி விதிகளைச் சொல்வது வழக்கம். பலகைக்குக் கீழே எல்லோரும் நின்றார்கள். கொடி விழும் முன் வண்டியில் கோளாறு என்றால் கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் புறப்பாடு நிறுத்தப்படும், தூக்கியவன் கடைசி வரிசைக்குப் போக வேண்டும் என்று டைல்ஸ் கடைக்காரர் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட்டு பலகையிலிருந்த மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் நினைவு வந்தது. திறக்கவில்லை. திருகு முழுக்க மூடிக் கிடக்கிறது.

அந்த நிமிஷமே ஒரு சாக்குச் சொல்லி ஓடியிருக்கலாம். கூட்டம் முடியட்டும் என்று நின்றான். நிற்கும்போதே உள்ளே ஒரு குரல் இதமாகப் பேசத் தொடங்கியது. விழ மாட்டான். வண்டி கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு நாள் திணறட்டுமே. பலகை இன்னும் கொஞ்ச நாள் பலகையாக இருக்கட்டுமே. பந்தயம் முடிந்ததும் போய்த் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது. அந்தக் குரல் அவன் மாமியார் குரல்போலவே கனிவாக இருந்தது.

கூட்டம் கலைந்தபோது மைத்துனன்தான் முதல் ஆளாக ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான்.

பந்தயத்துக்கு முன் டயர் சூடேற ஒரு சுற்று மெதுவாகப் போவார்கள். லிஃப்ட்டு மைத்துனனுக்கு நேர் பின்னால் போனான். நேர் பாதையில் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்றது உள்ளே இருந்த குரல். நீள வளைவு வந்தது. மேடு வந்தது. மைத்துனனின் வண்டி அமுங்கியது, எழும்பவில்லை. அமுங்கினபடியே போய் அடுத்த வெடிப்பில் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மைத்துனன் தலையைக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். டயர் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்திருப்பான். இது மெதுவான சுற்று. அடுத்த சுற்றில் இதே இடத்துக்கு அவன் முழு வேகத்தில் வருவான். கையைத் தளர்த்த மாட்டான். அவனுக்குத் தளர்த்தத் தெரியாது.

எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை உண்டு. லிஃப்ட்டு தலைக்கவசத்துக்குள் தன் மூக்கைத் தொட்டுப் பார்க்க முடியாமல் வியர்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் கோட்டில் வந்து நின்றார்கள். முதல் வரிசையில் மைத்துனன், பக்கத்தில் லிஃப்ட்டு. ஓரச் சுவரின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். டைல்ஸ் கடைக்காரர் கொடியைத் தூக்கினார். எஞ்சின்கள் ஒன்றாகக் கத்தின.

லிஃப்ட்டு கையைத் தூக்கினான்.

கொடி பாதியில் நின்றது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. “என்னய்யா உனக்கு?” என்று டைல்ஸ் கடைக்காரர் நடந்து வருவதற்குள் லிஃப்ட்டு வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, மைத்துனன் வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தான். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஊர் பார்க்க, கட்டினவள் பார்க்க.

மைத்துனன் கவசக் கண்ணாடியைத் தூக்கினான்.

“மாமா, என்ன பண்றீங்க?”

“மூடிக் கிடக்குது. திறக்கறேன்.”

“யார் மூடினது?”

“நான்தான்.”

மைத்துனன் திருகைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். அவன் மூளை கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது. பிறகு மெல்லிய குரலில் கேட்டான்.

“எண்ணிப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். உனக்கு எதுக்குடா என் நம்பர்?”

“அக்கா வேணாம்னுதான் சொல்லுச்சு. நான்தான் அதே வை, அதே வைன்னு நச்சரிச்சேன்.” அவன் சுவர்ப்பக்கம் திரும்பாமலே பேசினான். “நான் ஜெயிச்சா எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? அக்கா செட்டிங் ஓட்டுது, இவன் சும்மா உக்காந்திருக்கான்னு சொல்றாங்க. உங்க பலகைய உங்க நம்பர்லயே உடைக்கணும். அப்பத்தான் ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான்.”

லிஃப்ட்டு மண்டியிட்டபடியே அவனைப் பார்த்தான். ஆறு மாதமாகத் தான் ஒருவன்தான் வெந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தான். பக்கத்து அடுப்பிலும் நெருப்பு எரிந்திருக்கிறது. என்னவோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதோடு இன்னொன்றும் விளங்கியது, அது ஆறுதலாக இல்லை. தனக்கு வைத்த எண்ணில், தன் உடம்புக்கு வைத்த இறுக்கத்தில், பாறையின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இந்தப் பஞ்சு மேட்டில் கை தளராமல் போயிருக்கிறான். அவள் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. குறை எண்ணில் இல்லை, தன் கையில்தான்.

திருகைத் திறந்தான். ஒன்று, இரண்டு என்று போய்ப் பதினொன்று வந்தது. பழைய இடம். விரலை எடுத்திருக்க வேண்டும். விரல் இன்னும் கொஞ்சம் போனது. பஞ்சுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

“மாமா! எண்ணிக்கை தாண்டிட்டீங்க!”

“கண்ணாடி மாத்திட்டேன். போ.”

“அய்யோ, பழையபடி வைங்க! அப்புறம் நீங்க திருகிவிட்டதாலதான் உடைச்சேன்னு ஆயிடும்!”

“ஆகட்டுமே” என்றான் லிஃப்ட்டு.

இரக்கத்தினால் திறந்தானா, வஞ்சத்தினால் திறந்தானா என்று பிறகு பலரும் கேட்டார்கள். அவனே பலமுறை கேட்டுக்கொண்டான். எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனபோது தன் முகத்தில் சிரிப்பு இருந்தது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

மைத்துனன் மூன்றாவது சுற்றிலேயே பலகையை உடைத்தான். உடைத்ததோடு நிற்காமல் அடுத்த சுற்றில் அதையும் உடைத்தான். கடைசியிலிருந்து புறப்பட்ட லிஃப்ட்டு ஐந்தாவதாக வந்தான். ஒரு சுற்றில், ஒரே ஒரு சுற்றில், மேட்டில் கையைத் தளர்த்தாமல் போனான். அதை யாரும் பார்க்கவில்லை.

அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்திருந்தாள். வண்டியை நிறுத்தியதும் வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

“அவன் வண்டியில கை வச்சீங்களா?”

“வச்சேன்.”

“அந்த வளைவுல அவன் விழுந்திருந்தா?”

அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு விரல் மாட்டிக்கொண்டது. அவள் காத்திருந்தாள். கையுறை கழன்ற பிறகுதான் நகர்ந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். “இனிமே உங்க வண்டிய நீங்களே பார்த்துக்கங்க. உங்களுக்குத்தான் தெரியுதே.”

அடுத்த சனிக்கிழமை பெயின்டர் வந்து பலகையில் பச்சை அடித்து, காய்ந்ததும் ‘மெதுவு’ என்று எழுதினான். லிஃப்ட்டு போய்ப் பார்த்தான். பச்சைக்கு அடியிலும் மூன்று புள்ளிகள் புடைத்துக்கொண்டு தெரிந்தன. ‘மெ’க்கும் ‘து’வுக்கும் நடுவே, சம்பந்தமே இல்லாமல். சுரண்டி எடுக்கவா என்று பெயின்டர் கேட்டான். பெயர் போட்டவனைக் கேள் என்றான் லிஃப்ட்டு. மைத்துனன் யோசித்துவிட்டு, கிடக்கட்டும் என்றான். டைல்ஸ் கடைக்காரர் சும்மா இருக்கிற ஆளா? பார்த்த எல்லோரிடமும், “மெதுவு ஓட்டினது, லிஃப்ட்டு திருகினது” என்று சொல்லித் திரிந்தார். மைத்துனனுக்கு ரத்தம் கொதித்தது. லிஃப்ட்டுக்கு அந்த வாரம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

சரியாக வயிறு நிறைந்தது என்றும் சொல்ல முடியாது. கொட்டிலில் தன் வண்டியை அவனே அமுக்கிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவளுக்குக் கேட்பது அவனுக்குக் கேட்கவில்லை.

அடுத்த பந்தயத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை மைத்துனன் வந்தான். வழக்கமாக நேரே அடுக்களைக்குப் போய் அக்காவைக் கூப்பிடுகிறவன், கொட்டிலுக்குள் வந்து வண்டிக்குப் பக்கத்தில் குந்தினான். கொஞ்ச நேரம் சங்கிலியை நோண்டினான்.

“மாமா.”

“என்னடா?”

“அன்னைக்கு வச்சீங்களே, அது கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கு. ஒரு தடவை பாருங்களேன்.”

“உங்க அக்கா இருக்காளே.”

“அக்கா நான் சொன்ன நம்பரை வச்சுச்சு. நீங்க என் பேச்சைக் கேக்கலையே.”

லிஃப்ட்டு பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். இருக்கையை உள்ளங்கையால் அமுக்கினான், கண்ணை மூடினான், ஒரு கிளிக் திருப்பினான். “இப்ப நல்லாருக்கா, முன்னாடி நல்லாருந்துச்சா?” என்று கேட்டான். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்கள். நேரம் போனது தெரியவில்லை.

அடுக்களைக் கதவருகே அவள் நின்றிருந்தாள். தன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். தம்பி விடைபெற்றுப் போகும் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கொட்டிலுக்குள் ஓர் அடி எடுத்து வைத்தாள். இரண்டு வாரத்தில் அவள் அவனிடம் சோறு, சாவி, மின்கட்டணம் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

“எத்தனை வச்சீங்க அவனுக்கு?” என்று, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

லிஃப்ட்டு ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

“அடுத்தவங்க பவரை நான் வெளியில சொல்றதில்ல” என்றான்.